ஊகத்துக்கு ஏன் கப்பல் கூலி?

ஜிர்காடாங் சோதனைச் சாவடியைத் தாண்டி அந்தமான் டிரங்க் ரோட்டில் வடக்கே போகும் வண்டிகள் இஷ்டம்போலப் போக முடியாது. போலீஸ் காவலுடன் வரிசையாகத்தான் போக வேண்டும். அங்கிருந்து மிடில் ஸ்ட்ரெய்ட் வரை சுமார் 49 கிலோமீட்டர் தூரம் ஜராவா மக்கள் வாழும் காடு. மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் வேகம் கூடாது, முந்தக் கூடாது, நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. 1956-ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறை காக்கும் நிலம் அது. அந்த வரிசையில் ஒரு வாடகை வண்டி திக்கித் திணறி நின்றுபோனால் பின்னால் வரும் அத்தனை வண்டிகளும் தடுமாறும். யாருடைய அமைதிக்காக இத்தனை விதிகளும் போடப்பட்டனவோ, அவர்கள் வாழும் இடத்தில் வெளியாட்கள் இறங்கி நிற்கும்படி ஆகும்.

இன்றைய என்ஜின் அப்படி நிற்பதற்கு முன் பெரும்பாலும் தகவல் சொல்லிவிடுகிறது. டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிகிறது. காலையில் ஸ்டார்ட் ஆகும்போது ஐட்லிங் ஏறி இறங்குகிறது. மேட்டில் இழுவை குறைகிறது. இவை எல்லாவற்றையும் என்ஜினின் கட்டுப்பாட்டுப் பெட்டி எண்களாக அறிந்து வைத்திருக்கிறது. அந்த எண்களைக் கேட்டு வாங்கி, நேரத்தோடு எழுதிவைக்கும் ஆள் இல்லாததுதான் குறை.

இந்தக் குறை சென்னையில் இருந்தால் சமாளித்துவிடலாம். ஒரு சென்சாரைச் சந்தேகப்பட்டு மாற்றிப் பார்த்து, அது இல்லை என்றால், ஜி.பி. ரோட்டிலோ புதுப்பேட்டையிலோ அன்று மாலையே வேறொன்றை வாங்கலாம். போர்ட் பிளேரில், 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட அதே ஊரில், கடையில் இருப்பு இல்லாத ஸ்பேர் சுமார் 1,200 கிலோமீட்டர் கடல் தாண்டி வர வேண்டும். சென்னையிலிருந்து பயணிகள் கப்பலுக்கே ஏறத்தாழ 60 மணி நேரம். மழைக்காலத்தில் கடல் கொந்தளித்தால் அந்தக் கணக்கும் இல்லை. அவசரத்துக்கு விமானத்தில் வரவழைத்தால் கூலி ஏறும். வந்திறங்கிய சென்சார் தவறானது என்று தெரிந்தால் பணமும் போய், இன்னொரு முறை அதே காத்திருப்பும் வரும். வாடகைக்கு ஓடும் வண்டி என்றால் அத்தனை நாள் வருமானமும் போகும். டிக்லிபூரிலோ கேம்பல் பேயிலோ இருப்பவருக்கு இவை எல்லாவற்றுக்கும் மேலாக இன்னொரு பயணமும் சேர்கிறது.

ஆகவே தீவுகளில் அந்த எண்களைப் படிக்கும் ஸ்கேனர் வாங்கும் மெக்கானிக்கும் வண்டிக்காரரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வியை மாற்றிக்கொள்ள வேண்டும். "எத்தனை கோளாறுக் கோட் காட்டும்?" என்றுதான் கடையில் கேட்கிறார்கள். "ஓடும் என்ஜினின் தகவலை நேரத்தோடு பதிவு செய்யுமா? அந்தப் பதிவைக் கோப்பாக எடுத்து இன்னொருவருக்கு அனுப்ப முடியுமா?" என்று கேட்க வேண்டும். மெயின்லேண்டில் இது வசதி. தீவில் இது அடிப்படைத் தேவை.

ஸ்டியரிங்குக்குக் கீழே, காலுக்கு மேலே, பதினாறு துளைகளுள்ள ஒரு சாக்கெட் இருக்கும். அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்து எல்லாக் கார்களிலும் கட்டாயமான, கோளாறை வண்டியே கண்டறியும் ஓபிடி-2 முறையின் வாசல் அது. ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001-இல் வந்தது. இந்தியாவில் பிஎஸ்-4 புகை விதிகளோடு 2010-இல் அதன் முதல் கட்டமும், 2013-இல் இரண்டாம் கட்டமும் வந்தன. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பிஎஸ்-6. 2023 ஏப்ரல் முதல், ஓடும்போதே புகையின் அளவைக் கண்காணிக்கும் கடுமையான விதியும் சேர்ந்தது. வாங்கப் போகிறவர் தன் வண்டி இந்த வரிசையில் எந்த ஆண்டில் நிற்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். 2010-க்கு முந்திய பல இந்தியக் கார்கள் நிறுவனத்தின் சொந்த மொழியில்தான் பேசும். சாக்கெட் அதே வடிவத்தில் இருந்தாலும் பொதுவான ஸ்கேனருக்குப் பதில் வராமல் போகலாம். அப்படி வராதபோது ஸ்கேனர் கெட்டுவிட்டது என்றோ, பெட்டி போய்விட்டது என்றோ முடிவு கட்டிவிடக் கூடாது.

கடல் காற்று இங்கே இன்னொரு வேலையும் செய்கிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழையும் ஓயாத ஈரப்பதமும் உப்பும் சேர்ந்தால் செம்புப் பின்களில் பச்சை பூக்கும். ஸ்கேனர் பேசவில்லை என்றால் முதலில் மல்டிமீட்டரை எடுத்து, 16-ஆம் துளைக்கும் 4-ஆம் துளைக்கும் இடையே பேட்டரி மின்னழுத்தம் முழுசாக வருகிறதா என்று பார்க்க வேண்டும். 16 பாசிட்டிவ், 4, 5 இரண்டும் எர்த். அது சரியாக இருந்தால் 6, 14 ஆகிய துளைகளைப் பார்க்கலாம். புதிய வண்டிகள் பேசும் கேன் இணைப்பின் இரு கம்பிகள் அங்கேதான் வருகின்றன. பாஷ் நிறுவனம் 1986-இல் அறிமுகப்படுத்திய இந்த இணைப்புதான் இன்று கார் முழுக்க ஓடுகிறது.

கோடுக்கும் பதிவுக்கும் உள்ள வேறுபாட்டை ஓர் எடுத்துக்காட்டில் பார்க்கலாம். பி0171 என்று ஒரு கோட் வருகிறது. கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்பது அதன் பொருள். ஆனால் ஏன் என்று கோட் சொல்வதில்லை. இன்டேக் மேனிஃபோல்டில் ரப்பர் குழாய் வெடித்திருக்கலாம். பெட்ரோல் பம்ப் தளர்ந்திருக்கலாம். ஃபில்டர் அடைத்திருக்கலாம். ஆக்சிஜன் சென்சாரே தவறாகச் சொல்லலாம். கோட் என்பது புகார் மனு, பதிவுதான் சாட்சி. மனுவை மட்டும் படித்துவிட்டு ஆக்சிஜன் சென்சாருக்கு ஆர்டர் போடும் பழக்கம் எத்தனையோ பேரின் பணத்தைத் தின்றிருக்கிறது.

பதிவு எடுத்தால் விஷயம் தெளிகிறது. கலவையைச் சரிக்கட்டக் கட்டுப்பாட்டுப் பெட்டி எவ்வளவு பெட்ரோலைக் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்பதை ஃப்யூல் டிரிம் என்ற அளவு சதவிகிதத்தில் காட்டும். நல்ல என்ஜினில் அது பூஜ்யத்துக்கு இருபுறமும் ஐந்து சதவிகிதத்துக்குள் ஆடும். பத்தைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். சந்தேகத்துக்குரிய வண்டியை முதலில் ஐட்லிங்கில் விட்டு, பிறகு 2,500 சுற்றில் நிறுத்திப் பிடித்து, பிறகு ஒரு மேட்டில் ஏற்றிப் பதிவு செய்ய வேண்டும். ஐட்லிங்கில் 18 சதவிகிதமாக இருந்த டிரிம் 2,500 சுற்றில் 3 சதவிகிதமாக இறங்கினால் எங்கோ காற்று கசிகிறது. குறைந்த சுற்றில் அந்தக் கசிவு பெரிய பங்கு, அதிகச் சுற்றில் சிறிய பங்கு. மாறாக, ஐட்லிங்கில் சரியாக இருந்து மேடேறும்போது மட்டும் எகிறினால் பெட்ரோல் வரத்தில் கோளாறு. முதல் கோளாறு ஒரு அடி ரப்பர் குழாயில் தீர்ந்துவிடலாம். இரண்டாவதற்கு ஃபில்டரும் பம்பும் பார்க்க வேண்டும். இரண்டிலுமே புது ஆக்சிஜன் சென்சாருக்கு வேலை இல்லை.

இதைவிட எளிய சோதனையும் உண்டு. இரவு முழுக்க நின்ற வண்டியில், ஸ்டார்ட் செய்வதற்கு முன் சாவியை மட்டும் திருப்பி, கூலன்ட் வெப்பநிலையையும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலையையும் பார்க்க வேண்டும். இரண்டும் வெளிக்காற்றை ஒட்டி ஒன்றுபோல் இருக்க வேண்டும். போர்ட் பிளேரின் ஒரு விடியற்காலையில் ஒன்று 27 என்றும் இன்னொன்று 45 என்றும் காட்டினால் எந்த சென்சார் பொய் சொல்கிறது என்று ஸ்பேனரைத் தொடாமலேயே தெரிந்துவிடும். ஸ்டார்ட் செய்தபின் மின்னழுத்தம் 14 வோல்ட்டை ஒட்டி நிற்கிறதா, கூலன்ட் இருபது நிமிடத்தில் 85-ஐத் தாண்டுகிறதா, அல்லது 70-லேயே தங்கிவிடுகிறதா என்றும் பார்த்துக்கொள்ளலாம். 70-இல் தங்கினால் தெர்மோஸ்டாட் திறந்தபடியே மாட்டியிருக்க வாய்ப்பு அதிகம்.

இனி, எதை வாங்குவது?

சந்தையில் மூன்று படிகள் இருக்கின்றன. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் புளூடூத் அடாப்டர் முதல் படி. பல ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் நம்பகமான அடாப்டர் இரண்டாவது. லாஞ்ச், ஆட்டெல் போன்ற நிறுவனங்களின் டேப்லெட் வடிவ ஸ்கேனர் மூன்றாவது. ஒர்க்‌ஷாப்புக்கானது, விலை லட்சத்தைத் தொடக்கூடியது.

முதல் படியில் இருப்பவை பெரும்பாலும் ஈஎல்எம்327 என்ற சில்லின் நகல்கள். எல்ம் எலக்ட்ரானிக்ஸ் என்ற கனடா நிறுவனம் வடிவமைத்த சில்லு அது. அதன் முதல் பதிப்பில் நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு போடப்படவில்லை. அங்கிருந்து உலகெங்கும் நகல்கள் பரவின. நிறுவனம் 2022-இல் மூடப்பட்டது, நகல்கள் நிற்கவில்லை. அட்டைப்பெட்டியில் "பதிப்பு 1.5" என்று பெருமையாகப் போட்டிருந்தால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்த நிறுவனம் 1.5 என்று ஒரு பதிப்பை வெளியிட்டதே இல்லை. நகல் என்பதாலேயே எல்லாம் குப்பை என்று தள்ளிவிட வேண்டியதில்லை. கோட் படிக்கவும் நாலைந்து அளவுகளைப் பார்க்கவும் சில நகல்கள் போதும். ஆனால் சில கட்டளைகளை அவை விழுங்கிவிடும். சில, பதிவு நடக்கும்போதே இணைப்பைக் கைவிடும். பதிவை நம்பிக் கப்பலில் ஸ்பேர் வரவழைக்கப் போகிறவர், ஓபிடிலிங்க் போன்ற, சொந்தச் சில்லில் இயங்கும் அடாப்டருக்குச் செலவழிப்பது முதல் தவறான ஆர்டரைத் தவிர்த்த அன்றே ஈடாகிவிடும்.

ஐபோன் வைத்திருப்பவர் இன்னொன்றையும் பார்த்து வாங்க வேண்டும். பழைய வகைப் புளூடூத் அடாப்டர்கள் ஆண்ட்ராய்டில் வேலை செய்யும், ஐபோனில் பெரும்பாலும் செய்யாது. வைஃபை அடாப்டரோ, குறைந்த மின்சாரத்தில் இயங்கும் புதிய வகைப் புளூடூத் அடாப்டரோ வேண்டும். லாரி, பஸ் வைத்திருப்பவர் 24 வோல்ட்டைத் தாங்குமா, ஜே1939 என்ற கனரக வாகன மொழி தெரியுமா என்று கேட்டே வாங்க வேண்டும்.

வேகம் பற்றி யாரும் கடையில் சொல்வதில்லை. ஸ்கேனர் என்ஜினிடம் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டுப் பதில் வாங்குகிறது. விநாடிக்குப் பத்துக் கேள்வி கேட்கும் அடாப்டரில் இருபது அளவுகளைத் தேர்ந்தெடுத்தால் ஒவ்வோர் அளவும் இரண்டு விநாடிக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கப்படும். அரை விநாடி நேரம் என்ஜின் தடுமாறி மீண்டால் அது பதிவில் விழாமலேயே போகும். ஐந்து அளவுகளை மட்டும் எடுத்தால் அதே அடாப்டர் விநாடிக்கு இருமுறை பார்க்கும். கே-லைன் என்ற பழைய இணைப்புள்ள வண்டிகள் விநாடிக்கு 10,400 பிட் வேகத்தில் பேசுகின்றன. கேன் வண்டிகளில் வழக்கமான வேகம் 5 லட்சம் பிட். ஆகவே பழைய வண்டியில் இன்னும் சிக்கனம் வேண்டும். என்ஜின் சுற்று, லோடு, இரு ஃப்யூல் டிரிம்கள், மேனிஃபோல்டு அழுத்தம்: பெட்ரோல் வண்டியின் பாதிப் புதிர்களை அவிழ்க்க இந்த ஐந்தும் போதும்.

மென்பொருளில் முதல் சோதனை, இணையம் இல்லாமல் இயங்குமா என்பது. சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கும் ஏழு தீவுகளுக்கும் போடப்பட்ட, சுமார் 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடி ஒளியிழைக் கம்பி 2020 ஆகஸ்ட் 10 அன்று திறக்கப்பட்ட பிறகு தீவுகளின் இணையம் வெகுவாகத் தேறியிருக்கிறது. அதற்கு முன் செயற்கைக்கோளை நம்பித்தான் எல்லாம் நடந்தது. என்றாலும் காட்டுப் பாதையில் சிக்னல் கிடையாது. கோளாறு அங்கேதான் வரும். ஒவ்வொரு முறையும் சர்வரில் நுழைந்தால்தான் திறக்கும் ஸ்கேனர், ஆண்டுச் சந்தா தீர்ந்தால் பூட்டிக்கொள்ளும் ஸ்கேனர் ஆகியவை தீவுக்கு ஏற்றவை அல்ல. டார்க், கார் ஸ்கேனர் போன்ற செயலிகள் போனிலேயே பதிவை எழுதிவைக்கும். பிறகு அதை எக்செல் போன்ற எந்த அட்டவணை மென்பொருளிலும் திறக்கலாம். நிறுவனத்துக்கென்றே உள்ள நல்ல மென்பொருள்களும் உண்டு. ஸ்கோடா, ஃபோக்ஸ்வாகன் வண்டிகளுக்கு விசிடிஎஸ். ஃபோர்டு வண்டிகளுக்கு ஃபோர்ஸ்கேன். மறைமலைநகரில் கார் செய்த ஃபோர்டு 2021-இல் இந்திய உற்பத்தியைக் கைவிடுவதாக அறிவித்தது. அதன் பிறகும் ஃபிகோவும் ஈக்கோஸ்போர்ட்டும் ஓட்டுகிறவர்களுக்குச் சுதந்திரமான ஒரு மென்பொருள் எவ்வளவு பெரிய துணை என்பதை அவர்களே சொல்வார்கள்.

இருபது நிமிடப் பதிவின் கோப்பு, போனில் எடுத்த ஒரு புகைப்படத்தைவிடச் சிறியது. ரங்கத்தில் இருக்கும் மெக்கானிக் அதை வாட்ஸ்அப்பில் சென்னையில் தெரிந்தவருக்கு அனுப்பி, "அண்ணே, ஐட்லிங்ல டிரிம்மைப் பாருங்க" என்று கேட்க முடியும். வண்டியைக் கப்பலில் ஏற்ற வேண்டியதில்லை. கோப்பு போனால் போதும். அனுப்புவதற்கு முன் அதில் இருப்பிட விவரம் இருந்தால் நீக்கிவிட வேண்டும்; பல செயலிகள் ஜிபிஎஸ்ஸையும் சேர்த்து எழுதுகின்றன. வேலை முடிந்ததும் அடாப்டரைக் கழற்றிவிடவும் வேண்டும். பேட்டரி இறங்கும் என்பது ஒரு காரணம். 2015-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ ஆய்வாளர்கள், இதே சாக்கெட்டில் செருகப்பட்ட ஒரு கருவிக்குக் குறுஞ்செய்தி அனுப்பி ஒரு கார்வெட் காரின் பிரேக்கையே கட்டுப்படுத்திக் காட்டினார்கள் என்பது இன்னொன்று.

தீவுகளுக்கே உரிய இரண்டு சூழல்கள், பதிவின் அவசியத்தை இன்னும் கூட்டுகின்றன.

ஒன்று டீசல். பிஎஸ்-6 டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி இருக்கிறது. ஒர்க்‌ஷாப் பேச்சில் டிபிஎஃப். சேர்ந்த கரியை அவ்வப்போது சுமார் 600 டிகிரி வெப்பத்தில் எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். அதற்கு வண்டி நிற்காமல், ஓரளவு வேகத்தில், கொஞ்ச நேரம் ஓட வேண்டும். ஸ்வராஜ் த்வீப்பில் ஜெட்டியிலிருந்து ராதாநகர் கடற்கரைக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் அளவே. தலைநகருக்குள் ஓட்டம் அதைவிடக் குறைவு. ஜராவா காட்டு வழியில் 40-ஐத் தாண்டக் கூடாது. எரிப்பு பாதியில் நின்று நின்று, கரி சேர்ந்துகொண்டே போவதற்கு இதைவிடத் தோதான இடம் இல்லை. டீசல் வண்டிக்கு ஸ்கேனர் வாங்குகிறவர் கரியின் அளவைக் காட்டுமா, நிறுத்திவைத்து எரிக்கும் கட்டளை அதில் உண்டா என்று தன் வண்டியின் மாடலைச் சொல்லிக் கேட்க வேண்டும். பொதுவான ஓபிடி அளவுகளில் அது பெரும்பாலும் வராது. எரிப்புக் கட்டளை கொடுக்கும்போது சைலன்ஸர் பகுதி கொதிக்கும் என்பதால் காய்ந்த புல்லின் மேலோ மூடிய கொட்டகையிலோ அதைச் செய்யவே கூடாது.

இன்னொன்று பெட்ரோல். எத்தனால் கலந்த பெட்ரோல் திட்டம் 2019 ஏப்ரலில் நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்டபோது அந்தமான் நிக்கோபாரும் இலட்சத்தீவும் மட்டும் விலக்கப்பட்டன. மெயின்லேண்டில் கலப்பு 20 சதவிகிதத்துக்கு ஏறிவிட்டது. ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோவே போதும். கலப்பு கூடும்போது பெட்டி அதிக எரிபொருளைச் செலுத்த வேண்டியிருக்கிறது. டிரிம் மேலே நகர்கிறது. ஆகவே சென்னையில் டாங்க் நிரப்பிக் கப்பலில் வந்திறங்கிய ஒரு பழைய காரில் ஏழெட்டு சதவிகித டிரிம்மைப் பார்த்ததும் காற்றுக் கசிவைத் தேடி ஓட வேண்டியதில்லை. இங்கே கலப்பில்லாத பெட்ரோல் கிடைத்தால் அதை நிரப்பிச் சில நாள் ஓட்டிவிட்டு மறுபடி பதிவு செய்தால் எது கோளாறு, எது எரிபொருள் என்று பிரிந்துவிடும்.

இப்படி ஒப்பிட வேண்டுமானால் பழைய பதிவு கையில் இருக்க வேண்டும். வண்டி நன்றாக ஓடும் நாளில் குளிர்ந்த ஸ்டார்ட்டிலிருந்து இருபது நிமிடப் பதிவு ஒன்றை எடுத்துத் தேதியோடு சேமித்துவிட வேண்டும். கோளாறு வந்த நாளில் அதன் மதிப்பு தெரியும். அதேபோல், மஞ்சள் விளக்கு எரிந்ததும் முதல் வேலையாகக் கோடை அழிக்கும் வழக்கத்தை விட்டொழிக்க வேண்டும். அழிக்கும்போது கோடோடு சேர்ந்து, கோளாறு நேர்ந்த கணத்தில் பெட்டி எடுத்து வைத்த அளவுகளும் போய்விடும். பல வண்டிகளில் கற்றுவைத்த டிரிம்மும் பூஜ்யமாகிவிடும். விளக்கு அணைந்ததைப் பார்த்து வண்டிக்காரர் மகிழ்ச்சியாகப் போவார். மூன்றாம் நாள் அதே விளக்கோடு திரும்பி வருவார்.

சாலையில் எடுத்த பதிவுக்கு எவ்வளவு வலு என்பதற்கு உலகம் அறிந்த ஒரு சான்று இருக்கிறது. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் சிறு குழு ஒன்று 2013-இல் டீசல் கார்களில் புகை அளக்கும் கருவிகளை ஏற்றி, சாலையில் ஓட்டி, அவற்றில் ஒன்றை லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து சியாட்டில் வரையும் ஓட்டிப் பதிவு செய்தது. சென்னையில் பொறியியல் படித்துவிட்டுச் சென்ற அரவிந்த் திருவேங்கடம் அந்தக் குழுவில் இருந்தார். ஆய்வகத்தில் சுத்தமாக இருந்த ஃபோக்ஸ்வாகன் ஜெட்டா, சாலையில் அனுமதித்த அளவைப்போல் 15 முதல் 35 மடங்கு நைட்ரஜன் ஆக்சைடைக் கக்கியது. 2015 செப்டம்பரில் வெடித்த டீசல் மோசடி விவகாரம் அங்கிருந்துதான் தொடங்கியது. ஒரு மாபெரும் நிறுவனத்தின் பொய்யை, நேரத்தோடு எழுதப்பட்ட எண்கள் உடைத்தன. அத்தகைய எண்கள் தீவில் ஒரு டாக்சிக்காரருக்கும் மெக்கானிக்குக்கும் எட்ட வேண்டும்.

எட்டவிடாமல் தடுப்பது விலை மட்டுமே என்று சொல்லிவிட முடியாது. பொதுவான ஓபிடி அளவுகள் எல்லோருக்கும் திறந்தவை. ஏபிஎஸ், ஏர்பேக், டிபிஎஃப், சாவிப் பதிவு போன்றவை நிறுவனத்தின் பூட்டுக்குள் இருக்கின்றன. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தபோது சொன்ன காரணமே இதுதான்: அசல் ஸ்பேர்களையும் கோளாறு அறியும் கருவிகளையும் வெளி ஒர்க்‌ஷாப்புகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்தார்கள். அவற்றை வெளிச்சந்தையில் தர வேண்டும் என்றும் ஆணையம் உத்தரவிட்டது. வழக்கு மேல்முறையீடுகளுக்குப் போனது. 2022-இல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காகக் குழு அமைத்து, அந்த ஆண்டு டிசம்பரில் இணையதளமும் திறந்தது. வாகனங்களும் அதில் அடக்கம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 2012-லேயே இதற்குச் சட்டம் கண்டுவிட்டது.

டெல்லியிலோ சென்னையிலோ இருப்பவருக்கு அந்தப் பூட்டு ஒரு தொல்லை. பக்கத்துத் தெரு சர்வீஸ் மையத்துக்குப் போய் அதிகக் கூலி கொடுத்துத் தீர்த்துக்கொள்வார். கம்பெனி சர்வீஸ் மையங்கள் பெரும்பாலும் தலைநகரைச் சுற்றியே இருக்கும் தீவுக்கூட்டத்தில், கார் நிக்கோபாரில் இருப்பவருக்கு அதே பூட்டு, வண்டியைக் கப்பலில் ஏற்று என்று சொல்வதற்குச் சமம். தீவுகளில் கார் விற்கும் ஒவ்வொரு நிறுவனமும் தன் கண்டறியும் மென்பொருளுக்கு நியாயமான விலையில், நாள் கணக்கிலான உரிமமாவது இங்குள்ள வெளி மெக்கானிக்குகளுக்குத் தர வேண்டும். இந்தக் கோரிக்கையை முன்வைக்க வேண்டிய இடம் தீவு நிர்வாகம். புதுடெல்லியிடம் நேரடியாகப் பேசும் யூனியன் பிரதேசம் இது. அந்த வாய்ப்பைப் பயன்படுத்தாமல் இருப்பது நியாயமில்லை.

உள்ளூரில் செய்யக் கூடியவையும் உண்டு. ஒரு நல்ல ஒர்க்‌ஷாப் ஸ்கேனரின் விலையைத் தனி மெக்கானிக் தாங்க முடியாது. ரங்கத், மாயாபந்தர், டிக்லிபூர் ஒர்க்‌ஷாப்காரர்கள் சேர்ந்து ஒன்று வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாம். தலைக்கு ஒரு சாதாரண அடாப்டரை வைத்துக்கொண்டு, அது முடங்கும் இடத்தில் மட்டும் பெரியதைக் கேட்டு வாங்கலாம். டாலிகஞ்ச் அரசு ஐடிஐயில் மோட்டார் மெக்கானிக் படிக்கும் மாணவர்களுக்குக் கோட் படிப்பதோடு நிறுத்தாமல், பதிவு எடுத்து வரைபடமாக்கி வாசிக்கவும் சொல்லித்தர வேண்டும். தீவில் ஓடும் முக்கிய மாடல்கள் நன்றாக ஓடும்போது எடுத்த பதிவுகளை அந்த மாணவர்களே திரட்டி, தமிழிலும் வங்காளத்திலும் இந்தியிலும் குறிப்பெழுதி, எந்த மெக்கானிக்கும் எடுத்துக்கொள்ளும்படி வைக்கலாம். 2011 கணக்குப்படி மொத்தமே 3,80,581 பேர் வாழும் தீவுகளில் இது நடக்கக் கூடிய வேலை.

போக்குவரத்துத் துறைக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஜராவா காட்டு வழியாகப் பயணிகளை ஏற்றிச் செல்லும் வாடகை வண்டிகளுக்குத் தகுதிச் சான்று புதுப்பிக்கும்போது விளக்கையும் டயரையும் பார்ப்பதோடு, சேமிக்கப்பட்ட கோடுகளையும் படிக்க வேண்டும். கூலன்ட் வெப்பநிலை, மின்னழுத்தம், ஃப்யூல் டிரிம் ஆகியவற்றின் சிறு பதிவு ஒன்றையும் எடுத்து உரிமையாளரிடமே கொடுக்க வேண்டும். கோடுகளைச் சற்றுமுன் யாராவது அழித்தார்களா என்பதும் அப்போதே தெரியும். சுயசோதனைகள் முடியவில்லை என்று பெட்டியே காட்டிக்கொடுக்கும். ஒரு வண்டிக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். ஓர் அடாப்டரும் பழைய லேப்டாப்பும் போதும். வரும் சுற்றுலாப் பருவத்துக்கு முன், தலைநகரில் ஒரே ஒரு சோதனை மையத்தில் இதைத் தொடங்கிப் பார்க்க வேண்டும். எடுத்த பதிவுகளைப் பெயர் நீக்கி ஐடிஐக்குக் கொடுத்தால் மாணவர்களின் திரட்டும் அங்கிருந்தே ஆரம்பமாகிவிடும்.